கேலரி வந்த வழி

குற்றாலத்தில் சாரல் கட்டும் மாதங்களை ஒட்டித்தான் பெரும்பாலும் தமிழ்நாடு பிரீமியர் லீக்கும் நடக்கும். திருநெல்வேலியில் ஆட்டம் என்றால் தாழையூத்து சங்கர் நகர்தான். அங்கே இருப்பது சிமெண்டு ஆலைக்காரர்களின் திடல். 2016-இல் லீக்கின் முதல் பருவம் நடந்தபோது சென்னை சேப்பாக்கத்தோடு சேர்த்து இரண்டு திடல்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்று இந்தச் சங்கர் நகர். மற்றொன்று திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில் மலைகளைப் பார்த்தபடி இருக்கும் என்.பி.ஆர். கல்லூரித் திடல். ஒன்று சிமெண்டு ஆலைக்குச் சொந்தம், மற்றொன்று கல்லூரிக்குச் சொந்தம். ஸ்டேடியம் என்ற கட்டடம் உலகைச் சுற்றி வந்த கதையில் கல்லூரி மாணவர்களுக்கும் சிமெண்டுக்கும் இருக்கும் பங்கை அறிந்தவர்களுக்கு இந்தச் சேர்க்கை வியப்பாக இராது.

கதையை ஒலிம்பியாவில் தொடங்குவதுதான் வழக்கம். ஆனால் நம் நாட்டிலேயே அதைவிட மூத்த சாட்சி இருக்கிறது. குஜராத்தின் கட்ச் பகுதியில் உள்ள தோலாவீரா, சிந்துவெளிக் காலத்து நகரம். அதன் கோட்டைக்கும் நடு ஊருக்கும் இடையே ஏறத்தாழ 280 மீட்டர் நீளத்தில் ஒரு பெரிய திடல் கிடக்கிறது. ஓரங்களில் படிப்படியாக உயரும் மேடைகள். அகழ்ந்தவர்கள் அதை விழாத் திடல் என்றும் ஸ்டேடியம் என்றும் குறித்தார்கள். அங்கே ஓடினார்களா, மாடு விரட்டினார்களா, சந்தை கூடினார்களா என்பதைக் கற்கள் சொல்லவில்லை. நடுவில் எதுவோ நடந்தது, சுற்றி அமர்ந்து ஊர் பார்த்தது. அந்த அளவுக்குச் சொல்லலாம்.

கிரேக்கர்கள் இவ்வளவு கூடச் செலவழிக்கவில்லை. ஒலிம்பியாவின் ஓட்டப் பாதை 192 மீட்டரும் சில்லறையும். சுற்றிலும் மண்மேடு. பல்லாயிரம் பேர் அந்த மேட்டில், புல்லில், வெயிலில் உட்கார்ந்துதான் பந்தயம் பார்த்தார்கள். நடுவர்களுக்கு மட்டும் கல் இருக்கை. ஏதென்ஸ்காரர்கள்தான் பின்னாளில் ஆடம்பரத்துக்குப் போனார்கள். இரு குன்றுகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் இருந்த பழைய பந்தயத் திடலை, கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ஹெரோடெஸ் அத்திகஸ் என்ற செல்வந்தர் முழுக்கப் பளிங்கில் எடுத்துக் கட்டினார். மண்மூடிப் போன அந்தப் பளிங்குத் திடலையே மீட்டெடுத்து 1896-இல் முதல் நவீன ஒலிம்பிக்கை நடத்தினார்கள்.

குன்று இருந்தால் மேடு கிடைக்கும். சமவெளியில் என்ன செய்வது? இதற்கு விடை கண்டவர்கள் ரோமானியர்கள். பொசுவோலி வட்டாரத்து எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் கல்லாக இறுகுகிறது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்தக் கலவையாலும் வளைவுகளாலும் சமதரையிலேயே குன்றை எழுப்பினார்கள். கி.பி. 80-இல் திறந்த கொலோசியம் அப்படி எழுந்ததுதான். யார் எந்தப் படியில் உட்கார வேண்டும் என்பதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. செனட்டர்கள் கீழே, ஏழைகளும் பெண்களும் உச்சியில். இன்று விலை குறைந்த டிக்கெட் எடுத்தவர் மேல்தட்டுக்கு மூச்சு வாங்க ஏறுகிறாரே, அந்த ஏற்றத்துக்கு வயது 1900 ஆண்டுகளுக்கு மேல்.

ரோமாபுரிக் காசுகள் தென்னிந்தியத் துறைமுகங்களில் கொட்டிய காலத்தை ஒட்டியே ஆந்திரத்தில் இக்குவாகு மன்னர்கள் எழுந்தார்கள். அவர்களுடைய நாகார்ஜுனகொண்டா, பௌத்த விகாரைகள் நிறைந்த கல்வி மையம். அங்கே அகழ்ந்தபோது நாற்புறமும் படி இருக்கைகள் சூழ்ந்த அரங்கு ஒன்று வெளிப்பட்டது. ரோமானியச் சாயல் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். வணிகர்கள் கொண்டுவந்த எண்ணமா, நம் குளத்துப் படித்துறையிலிருந்து பிறந்த எண்ணமா என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. குற்றாலத்துச் சித்திர சபைக்கு முன்னால் இருக்கும் தெப்பக்குளத்தைப் பார்த்தவர்களுக்கு, நடுவில் காட்சியும் சுற்றிப் படியுமாக அமைப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்று தெரியும். நாகார்ஜுனசாகர் அணை கட்டியபோது பள்ளத்தாக்கு நீரில் மூழ்கவிருந்தது. அப்போது அந்த அரங்கைப் பெயர்த்து, பக்கத்து அனுப்பு என்ற இடத்தில் மறுபடி அமைத்தார்கள். கல்விக்கூடங்களுக்கு நடுவே ஒரு காட்சித் திடல், சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன்பே, கிருஷ்ணா நதிக்கரையில்!

அதன்பின் கேலரி நெடுங்காலம் தூங்கியது. அதை எழுப்பியவர்களில் முக்கியமானவர்கள் இளைஞர்கள், அதுவும் மட்டையும் பந்துமாகத் திரிந்த கல்லூரி மாணவர்கள்.

பேஸ்பால் அமெரிக்காவில் 1839-இல் ஆப்னர் டபுள்டே என்ற ராணுவக்காரர் கண்டுபிடித்தது என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு குழுவே அமர்ந்து அப்படித் தீர்ப்பளித்தது. ஆனால் இங்கிலாந்தில் 1744-இல் அச்சான ஒரு குழந்தைகள் புத்தகத்திலேயே அந்த விளையாட்டின் பெயர் இருக்கிறது. கிரிக்கெட்டைப் போல அதுவும் இங்கிலாந்துப் புல்வெளியில் ஓடியாடிக் கப்பலேறிய பிள்ளைதான். அமெரிக்காவில் அதன் மிகப் பழைய தடம் ஒரு தடையுத்தரவு. மாசசூசெட்ஸின் பிட்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில் புதிதாகக் கட்டிய தொழுகைக் கூடத்தின் கண்ணாடி உடையுமே என்று பயந்தார்கள். கூடத்திலிருந்து 80 கஜத்துக்குள் யாரும் பந்து ஆடக் கூடாதென்று 1791-இல் விதி போட்டார்கள். தடை செய்த ஆட்டங்களின் பட்டியலில் பேஸ்பாலோடு கிரிக்கெட்டும் இருந்தது. சன்னல் கண்ணாடிக்காகத் தெருப் பையன்களை விரட்டும் வீட்டுக்காரர்களுக்கு நல்ல முன்னோடிகள் உண்டு.

அதே பிட்ஸ்ஃபீல்டில்தான், 1859 ஜூலை 1 அன்று, இரு கல்லூரிகளுக்கு இடையிலான முதல் பேஸ்பால் ஆட்டம் நடந்தது. ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியும் வில்லியம்ஸ் கல்லூரியும் மோதின. அணிக்கு 13 பேர். ஆம்ஹெர்ஸ்ட் 73, வில்லியம்ஸ் 32. மறுநாள் இரண்டு கல்லூரிகளும் சதுரங்கம் ஆடின, அதிலும் ஆம்ஹெர்ஸ்டே வென்றது. கேலரி கிடையாது, டிக்கெட் கிடையாது. பார்க்க வந்தவர்கள் திடலைச் சுற்றி நின்றார்கள்.

டிக்கெட் வந்தது ஒரு பனிச்சறுக்குக் குளத்தால். நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில் வில்லியம் கேமயர் என்பவர் குளிர்காலத்தில் உறைந்த நீர்ப்பரப்பில் சறுக்க விட்டுக் காசு வாங்கினார். கோடையில் அந்த இடம் சும்மா கிடந்தது. 1862-இல் நீரை வடித்து, சுற்றி வேலி போட்டு, பேஸ்பால் அணிகளை ஆடச் சொன்னார். திடலுக்கு வாடகை வாங்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் ஆளுக்கு 10 சென்ட் வாங்கினார். உள்ளே வர ஒரே வழி வைத்து, பார்ப்பதற்கு விலை வைக்கலாம் என்று ஊருக்குக் காட்டியவர் இந்தக் குளத்துக்காரர். அவரைப் பார்த்து மற்றவர்கள் வேலி போட்டார்கள். வேலிக்குள் மரத்தால் படி இருக்கைகள் முளைத்தன. மரப் படிகள் அடிக்கடி தீப்பிடித்தன.

இங்கேதான் சிமெண்டு மறுபடி வருகிறது. ரோமானியரோடு மறந்துபோன அந்தக் கலைக்கு வேறு வடிவம் கொடுத்தவர் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற ஆங்கிலேயக் கொத்தனார். சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டு அரைத்து, 1824-இல் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு அதனுள் இரும்புக் கம்பியை வைத்து வார்க்கக் கற்றார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1879-இல் படித்து முடித்த மாணவர்கள் தங்கள் பழைய கல்லூரிக்கு ஒரு லட்சம் டாலர் கொடுக்க முன்வந்தார்கள். அந்தப் பணத்தை வைத்து 1903-இல், கம்பி கட்டிய கான்கிரீட்டில், குதிரை லாட வடிவில் ஒரு பெரிய ஸ்டேடியம் எழுந்தது. அந்த அளவில் கான்கிரீட்டில் எழுந்த முதல் ஸ்டேடியம் அதுவே. ஆறே ஆண்டுகளில், 1909-இல், பிலடெல்பியாவில் எஃகும் கான்கிரீட்டுமாக ஷைப் பார்க் என்ற பேஸ்பால் திடல் வந்தது. கல்லூரி செய்ததைத் தொழில்முறைக்காரர்கள் பின்பற்றினார்கள்.

ஹார்வர்டின் கான்கிரீட் ஒரு விளையாட்டின் விதியையே மாற்றிய கதையும் உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் வீரர்கள் மோதிச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. 1906-இல் விதிகளைத் திருத்த உட்கார்ந்தார்கள். ஆட்டக்களத்தை அகலமாக்கினால் நெரிசல் குறையும் என்று ஒரு யோசனை வந்தது. ஹார்வர்டின் புதுப் படிகளோ அசையாது. இடித்துக் கட்டவும் முடியாது. அகலப்படுத்துவதை விட்டு, பந்தை முன்னோக்கி வீசி எறிய அனுமதித்தார்கள். இன்று அந்த ஆட்டத்தின் உயிரே அந்த எறிதல்தான். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கு நேர்மாறாக இயற்கையே அசையாமல் நின்றது. 1928 முதல் 1974 வரை அவர்கள் ஆடிய கிளார்க் ஃபீல்ட் பேஸ்பால் திடலுக்குள்ளேயே சுண்ணாம்புப் பாறைச் சரிவு ஒன்று இருந்தது. அதன்மேல் ஓடும் ஆட்டுப்பாதை போன்ற தடத்தில் ஏறித்தான் உயரமாகப் போன பந்தை வீரர்கள் பிடிக்க வேண்டும். விருந்தாளி அணிகளுக்கு அந்த ஏற்றம் பெரும் தொல்லை.

கிழக்கே போன கிளை இன்னும் சுவையானது. 1872-இல் ஹொரஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் டோக்கியோவில் தன் மாணவர்களுக்குப் பேஸ்பால் கற்றுக் கொடுத்தார். அந்தப் பள்ளிதான் பிறகு டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியானது. 1896-இல் ஜப்பானிய மாணவர் அணி யோகோஹாமாவில் இருந்த அமெரிக்கர்களை 29க்கு 4 என்று வென்றது. நாடே பெருமைப்பட்டது. 1903-இல் வசேடா பல்கலைக்கழகமும் கேயோ பல்கலைக்கழகமும் மோதத் தொடங்கின. 1906-இல் ஆதரவாளர்களின் ஆரவாரம் கைகலப்பாகிவிடுமோ என்ற அச்சத்தில் ஆட்டத்தையே நிறுத்தினார்கள். மறுபடி மோத 1925 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டே டோக்கியோவில் மெய்ஜி ஜிங்கு ஸ்டேடியம் திறந்தது. ஆறு பல்கலைக்கழகங்களின் லீக்குக்கு அதுவே வீடு, இன்றும். 1934-இல் பேப் ரூத்தும் அங்கே ஆடினார். நூறு வயதை எட்டும் ஒரு பேஸ்பால் ஸ்டேடியத்தைக் கல்லூரிப் பிள்ளைகளின் போட்டி உயிரோடு வைத்திருப்பது எனக்கு மிகப் பிடித்த செய்தி. இலங்கையில் இந்த ஆட்டம் வளரவும் ஜப்பான் கைகொடுத்தது. கொழும்பையடுத்த தியகமவில் ஜப்பானிய உதவியோடு அமைந்த பேஸ்பால் திடல் இருக்கிறது.

நம் பக்கத்துக்கு வந்தது கிரிக்கெட் கிளை. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் 1827-இல் லார்ட்ஸில் மோதின. கேம்பிரிட்ஜில் படித்த ஆஷ்லி வாக்கர் கொழும்பில் ஆசிரியராகி, மாணவர்களைக் களம் இறக்கினார். அப்படிப் பிறந்ததுதான் ராயல் கல்லூரிக்கும் புனித தோமையர் கல்லூரிக்குமான பெரும் போட்டி. அதைப் பார்த்து யாழ்ப்பாணமும் தன் போட்டியைக் கண்டது. யாழ் மத்திய கல்லூரியும் புனித யோவான் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் ‘வடக்கின் சமர்’ ஊர்த் திருவிழாவுக்குச் சமம். கோட்டைக்கு அருகே மத்திய கல்லூரித் திடலில் பழைய மாணவர்கள் மேளம் கொட்டிக்கொண்டு கூடுவார்கள். போர் ஆண்டுகளின் முறிவுகளையும் தாண்டி அந்தச் சமர் வாழ்கிறது.

சென்னைக்கு அமெரிக்கக் காற்று வேறு வாசலில் நுழைந்தது. மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிக் கல்லூரியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891-இல் கூடைப்பந்தை உருவாக்கினார். நான்காண்டு கழித்து, அங்கே படித்த வில்லியம் மார்கன் பக்கத்து ஹோலியோக்கில் கைப்பந்தைக் கண்டுபிடித்தார். அவர் அதற்கு முதலில் வைத்த பெயர் மின்டொனெட். பேட்மின்டனைப் பார்த்து வைத்த பெயர் அது. பேட்மின்டனோ புனேயில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள் ஆடி, இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது. அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக், சென்னை வந்து 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். புனேயில் கிளம்பிய வலையும் பந்தும் அமெரிக்கா போய் உருமாறி, உடற்கல்வி ஆசிரியர்கள் கையில் நம் பள்ளிகளுக்குத் திரும்பின. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு பக் பொறுப்பாளராக இருந்தார். நந்தனத்தில் அடையாற்றங்கரையில் விரிந்து கிடக்கும் அந்தக் கல்லூரியின் திடல்கள், விளையாட்டைப் பாடமாகக் கற்பிக்கலாம் என்ற எண்ணத்துக்கு இந்தியாவில் வேர் பிடிக்க இடம் கொடுத்தன. விசில் கழுத்தில் தொங்க, சுண்ணாம்புத் தூளால் கோடு போடும் நம் ஊர் பி.டி. வாத்தியாருக்கு மூலபுருஷர் அவர் என்று சொன்னால் மிகையில்லை.

திருநெல்வேலிச் சீமையில் இந்த விதை நன்றாக முளைத்தது. பாளையங்கோட்டையில் புனித யோவான் கல்லூரியும், 1923-இல் ஏசு சபையினர் தொடங்கிய புனித சவேரியார் கல்லூரியும் விளையாட்டுக்கென்றே பெரிய திடல்கள் வைத்திருக்கின்றன. அந்தத் திடல்களில் கால் பதிக்காத விளையாட்டுக்காரர் அந்த ஊரில் அரிது. பக்கத்து வ.உ.சி. மைதானத்தில் சுதந்திர தின அணிவகுப்பும் நடக்கும், விளையாட்டும் நடக்கும். கோவில்பட்டிக்கு ஹாக்கி. சிற்றூர்களில் பூப்பந்தும் கைப்பந்தும்.

பிறகு சிமெண்டு. தாழையூத்தின் சுண்ணாம்புக் கல்லை நம்பி, சங்கரலிங்க ஐயர் முன்னின்று இந்தியா சிமெண்ட்ஸை 1946-இல் தொடங்கினார். ஆலை 1949-இல் ஓடத் தொடங்கியது. அவர் பெயரால்தான் சங்கர் நகர். ஆலைக் குடியிருப்புக்கென அமைந்த திடல் பின்னாளில் ரஞ்சி ஆட்டங்களையும் லீக் ஆட்டங்களையும் கண்டது. ஹார்வர்டுக்கு வேண்டியிருந்த அதே சிமெண்டு, இங்கே தன் வீட்டு முற்றத்திலேயே ஒரு கிரிக்கெட் திடலை வளர்த்துக்கொண்டது. கோவையில் ஸ்ரீராமகிருஷ்ணா கல்லூரித் திடலில் 2022 செப்டம்பரில் துலீப் கோப்பை இறுதி ஆட்டமே நடந்தது. யஷஸ்வி ஜெய்ஸ்வால் 265 ரன் அடித்ததும், எதிரணி வீரரைச் சீண்டியதற்காக அவரைக் கேப்டன் ரஹானே களத்தை விட்டு வெளியே அனுப்பியதும் அங்கேதான். ஒழுக்கத்தைப் பற்றிய அந்த முடிவு ஒரு கல்லூரி வளாகத்தில் எடுக்கப்பட்டது பொருத்தமே.

அப்படியென்றால் பேஸ்பால்? இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிப் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு, ஆண்களுக்கும் பெண்களுக்கும். அதற்கென்று கேலரி கட்டிய பல்கலைக்கழகம் நம் பக்கம் இல்லை. ஆனாலும் நம் நாட்டுக் கைகள் அமெரிக்காவரை எறிந்திருக்கின்றன. 2008-இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் வேகமாக எறிந்து பெயர் பெற்ற ரிங்கு சிங்கும் தினேஷ் பட்டேலும் உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் வீரர்கள். லக்னோ விளையாட்டுக் கல்லூரியில் பயின்றவர்கள். அவர்களைத் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளர் பட்டை தீட்டினார். அந்த ஆண்டே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. ஈட்டியைப் பிடித்த கை பந்துக்கு மாற ஒரு பல்கலைக்கழகத் திடல் போதுமானதாக இருந்தது.

இனி குற்றாலச் சாரல் பக்கம் திரும்புவோம். குற்றாலம் இருக்கும் தென்காசி 2019 நவம்பர் 22-இல் தனி மாவட்டமானது. அங்கிருந்து திருநெல்வேலி போகும் வழியில், அபிஷேகப்பட்டியில், 1990-இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. குற்றாலத்தில் 1964 முதல் பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. வடகரைக்கு மேலே மேக்கரையில் அடவிநயினார் அணையும் மலைச்சரிவும் இருக்கின்றன. அந்த மண்ணின் பிள்ளைகள் கோடையில் வற்றிய குளத்திலும், அறுவடை முடிந்த வயலிலும் ஆடிப் பழகியவர்கள். மழை பெய்தால் திடல் போய்விடும், நாற்று நட்டால் திடல் போய்விடும்.

கோடிக்கணக்கில் கான்கிரீட் கொட்டித்தான் அவர்களுக்குத் திடல் கொடுக்க வேண்டும் என்பதில்லை. ஒலிம்பியாவுக்கு மண்மேடு போதுமானதாக இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மேட்டுக்கா பஞ்சம்? சமன் செய்த தரை, நீர் வடியும் வாய்க்கால், நிழலுக்கு மரம் வைத்த ஒரு சரிவு. அரசும் கல்லூரிகளும் மனம் வைத்தால் ஒரு கோடைக்குள் முடியும் வேலை. அதுவரைக்கும் ஒன்று செய்யலாம். இப்போதே திடல் வைத்திருக்கும் கல்லூரிகள் மாலை நான்கு மணிக்குப் பிறகும் விடுமுறை நாட்களிலும் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாசலைத் திறந்துவிடட்டும்.